நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோனால்... முதலில் பார்க்க வேண்டியது டீசல் டேங்கின் அடிப்பகுதியை!

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15-ம் தேதி தொடங்கும் மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14-ம் தேதி நள்ளிரவோடு முடிகிறது. மொத்தம் 61 நாள்கள். 2017-க்கு முன்பு 45 நாள்களாக இருந்தது. இந்த இரண்டு மாதங்களில் காசிமேடு, நாகப்பட்டினம், ராமேஸ்வரம், தூத்துக்குடி என எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் ஒரே காட்சிதான். விசைப்படகுகளைக் கரையேற்றிப் பலகை மாற்றுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், வலையைச் சீர்செய்வார்கள், இன்ஜினைப் பிரித்துக் கழுவிப் பூட்டுவார்கள். கையிருப்பு கரைந்து கடனும் சேர்ந்திருக்கும்.

இவ்வளவும் பார்த்துப் பார்த்துச் செய்பவர்களில் பலர் எட்டிப் பார்க்காத ஓர் இடம் உண்டு. அது டீசல் டேங்கின் அடிப்பகுதி.

தடை முடிந்து முதல் நாள் தொழிலுக்குப் போகும் படகு, கரை மறையும்வரை நன்றாகவே ஓடும். அலை பெரிதாகிப் படகு ஆட ஆரம்பித்ததும், இன்ஜின் சத்தம் ஏறி இறங்கும். இரண்டு முறை இருமும். நின்றுவிடும். டிரைவர் ஸ்டார்ட்டரைப் போட்டுப் போட்டுப் பார்ப்பார். இன்ஜின் சுற்றும், பிடிக்காது. 'இன்ஜின் போச்சு' என்று யாரோ சொல்ல, படகில் இருக்கும் அத்தனை பேர் முகமும் மாறிவிடும்.

உண்மையில் பெரும்பாலான நேரங்களில் இன்ஜின் போயிருக்காது. அதற்குச் சாப்பாடு போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

டீசல் இன்ஜினுக்குத் தீப்பொறி தேவையில்லை. உள்ளே இழுத்த காற்றை நெருக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் அது தானாகவே எரியும். அதனால் காற்று, அழுத்தம், டீசல் மூன்றும் சரியாக இருந்தால் ஓடியே தீரும். காலையில் நன்றாக ஓடிய இன்ஜினில் அழுத்தம் மதியத்துக்குள் திடீரென்று காணாமல் போவது அபூர்வம். புரொப்பல்லரில் கயிறோ வலையோ சுற்றவில்லை, இன்ஜின் அதிகம் சூடாகவில்லை, ஆயில் இருக்கிறது என்பதை மட்டும் ஒரு நிமிடத்தில் பார்த்துவிட்டு, நேராக டீசல் பக்கம் போய்விடலாம்.

நிலத்தில் வண்டி நின்றால் ஓரமாகத் தள்ளிவிட்டு மெக்கானிக்குக்கு போன் போடலாம். கடலில் 'ஓரம்' என்று ஒன்று கிடையாது. நின்ற படகு நின்ற இடத்தில் நிற்காது. காற்றும், மீனவர்கள் நீவாடு என்று சொல்லும் நீரோட்டமும் அதை இழுத்துக்கொண்டே போகும். மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் இழுத்தாலும் எட்டு மணி நேரத்தில் 16 கிலோமீட்டர். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே உள்ள கடலின் அகலமே 30 கிலோமீட்டருக்குள்தான். எல்லைக்கோடு அதற்கும் நடுவில் ஓடுகிறது. அந்தப் பக்கத்தில் ஓர் அடைத்துக்கொண்ட ஃபில்டர், ஒரு குடும்பத்தை மாதக்கணக்கில் நீதிமன்ற வாசலில் நிறுத்திவிடக்கூடும். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களிலோ, கிழக்குக் கரைப் படகு திறந்த கடலை நோக்கித்தான் போகும்.

ஆகவே இன்ஜின் மூடியைத் திறப்பதற்கு முன் நங்கூரத்தைப் போட வேண்டும். பாக் விரிகுடா பெரும்பாலும் 15 மீட்டருக்கும் குறைவான ஆழம்தான், நங்கூரம் பிடிக்கும். மன்னார் வளைகுடாவின் ஆழமான பகுதிகளில் அது எட்டாது. அங்கே படகின் முகத்தை அலைக்கு நேராக வைத்துக்கொள்ள, கனமான எதையாவது கயிற்றில் கட்டி முன்பக்கம் மிதக்கவிடுவது ஓரளவு உதவும். அதன் பிறகுதான் ஸ்பேனர்.

'எப்படி நின்னுச்சு?'

நல்ல மெக்கானிக் முதலில் கேட்பது இதைத்தான். 'நின்னுபோச்சு' என்பது பதில் ஆகாது. நின்ற விதத்திலேயே பாதி விடை இருக்கிறது.

சுவிட்சை அணைத்ததுபோல ஒரே நொடியில் நின்றதா? அப்படியானால் இன்ஜினை நிறுத்தும் கேபிளோ, அதை இயக்கும் மின்சார வால்வோ நழுவி டீசலை மூடியிருக்கலாம். மடிக் கயிற்றை இழுக்கும் அவசரத்தில் யாருடைய காலோ டேங்க் காக்கை மூடியிருப்பதும் உண்டு. சிரிக்க வேண்டாம், இது நடக்கிற விஷயம்தான்.

சத்தம் ஏறி இறங்கி, தள்ளாடி நின்றதா? டீசலோடு காற்றோ தண்ணீரோ சேர்ந்து போகிறது.

மெதுவாக ஓட்டும்போது ஒன்றுமில்லை, வேகம் கூட்டினால் மட்டும் மூச்சுத் திணறுகிறதா? ஃபில்டர் அடைத்திருக்கிறது. சும்மா ஓடுவதற்குத் தேவையான கொஞ்சம் டீசல் அந்த அடைப்பின் வழியே கசிந்து வந்துவிடும். மடியை இழுக்கும் நேரத்துக்குத் தேவையான டீசல் வராது.

அரை மணி நேரம் ஓடி நின்று, பத்து நிமிடம் சும்மா விட்டால் ஸ்டார்ட் ஆகி, மறுபடி அரை மணியில் நிற்கிறதா? இதுதான் பலரைச் சுற்றலில் விடும் கோளாறு. ஃபில்டரை மாற்றுவார்கள், பம்ப்பைக் கழற்றுவார்கள், ஒன்றும் பலிக்காது. டேங்கிலிருந்து டீசல் குறையக் குறைய, அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று உள்ளே வந்தாக வேண்டும். அதற்கென்று இருக்கும் சின்னக் குழாயைப் பெயின்ட்டோ உப்போ குளவிக்கூடோ அடைத்துவிட்டால், டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி டீசலைப் போகவிடாமல் பிடித்துக்கொள்ளும். டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால் விடை கிடைத்துவிட்டது. தடைக்காலத்தில் புதிதாகப் பெயின்ட் அடித்த படகு என்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

டேங்குக்குள் மிதக்கும் துணித்துண்டோ பிளாஸ்டிக் தாளோ உறிஞ்சு குழாயின் வாயில் ஒட்டிக்கொண்டாலும் இதேபோலத்தான் நடக்கும். இன்ஜின் நின்றதும் உறிஞ்சும் இழுப்பு போய், அது விலகிவிடும். மறுபடி ஓடினால் மறுபடி வந்து ஒட்டும். மூடியைத் திறந்தும் நோய் தீரவில்லை என்றால் சந்தேகம் இங்கே போக வேண்டும்.

இன்னொரு அடையாளம், புகை. ஸ்டார்ட்டர் போடும்போது புகைக்குழாயில் வெள்ளைப் புகை வந்தால், டீசல் சிலிண்டர்வரை வருகிறது, எரியத்தான் இல்லை என்று பொருள். புகையே வராவிட்டால் டீசல் வந்து சேரவில்லை. ஒருவரைப் பின்பக்கம் நிற்கவைத்துப் பார்க்கச் சொன்னால் போதும். எந்தக் கருவியும் வேண்டாம்.

டேங்கிலிருந்து நாசில்வரை

டீசல் போகும் பாதையை ஒருமுறை மனதில் பதித்துக்கொண்டால் பயம் பாதி குறைந்துவிடும். டேங்க், அதன் காக், தண்ணீரைப் பிரிக்கும் முதல் ஃபில்டர், டீசலை உறிஞ்சித் தரும் ஃபீட் பம்ப் (பல ஊர்களில் இதை ஏ.சி. பம்ப் என்பார்கள்), இரண்டாவது ஃபில்டர், டீசல் பம்ப், அங்கிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் இரும்புக் குழாய்கள், கடைசியில் நாசில். மிஞ்சிய டீசல் தனிக் குழாய் வழியே டேங்குக்கே திரும்பும். டிராக்டரிலும் பழைய லாரியிலும் ஜெனரேட்டரிலும் இதே வரிசைதான். விசைப்படகுகளில் பலவற்றில் இருப்பதே லாரி இன்ஜினின் கடல் வடிவம்தானே!

இந்தப் பாதையில் கவனிக்க வேண்டிய எல்லைக்கோடு ஃபீட் பம்ப். அதற்கு அந்தப் பக்கம், அதாவது இன்ஜின் பக்கம், டீசல் தள்ளப்படுகிறது. அங்கே ஓட்டை இருந்தால் டீசல் சொட்டும், கண்ணில் படும். இந்தப் பக்கம், டேங்க் பக்கம், டீசல் உறிஞ்சப்படுகிறது. அங்கே ஓட்டை இருந்தால் சொட்டு டீசல்கூட வெளியே வராமல் காற்று உள்ளே போகும். குழாய் காய்ந்து சுத்தமாக இருக்கும். 'லீக் எங்கேயும் இல்லையே' என்று மணிக்கணக்கில் தேடிச் சோர்ந்துபோவதற்கு இதுதான் காரணம். லீக் இருக்கிறது, அது உள்நோக்கி இருக்கிறது.

காலி பாட்டில் ஒன்று போதும்

முதல் சோதனைக்கு வேண்டியது குடித்து முடித்த தண்ணீர் பாட்டில். உள்ளே ஈரம் இல்லாமல் துடைத்துக்கொள்ளுங்கள். ஃபில்டரின் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, வருவதைப் பாட்டிலில் கால் பங்கு பிடித்து, ஐந்து நிமிடம் ஆடாத இடத்தில் வையுங்கள். தண்ணீர் டீசலைவிடக் கனமானது. கலந்திருந்தால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். இரண்டுமே வெளிர்நிறமாக இருந்து அடையாளம் தெரியாவிட்டால், கொஞ்சம் குடிநீரை ஊற்றிப் பாருங்கள். எந்த அடுக்கு உயர்கிறதோ அது தண்ணீர். பாட்டில் முழுவதும் ஒரே நிறமாக இருந்தால் உஷார்: எல்லாமே டீசலாக இருக்கலாம், எல்லாமே தண்ணீராகவும் இருக்கலாம். முகர்ந்து பார்த்து ஏமாறாமல், மேலே ஒரு சொட்டு டீசல் விட்டு அது கலக்கிறதா, மிதக்கிறதா என்று பாருங்கள்.

தண்ணீர் எப்படி வந்தது? டீசல் போட்ட இடத்தைத் திட்டுவதுதான் வழக்கம். பல நேரங்களில் குற்றவாளி காற்று. பாதி காலியாக இருக்கும் டேங்கின் மேல்பகுதியில் கடற்கரையின் ஈரக்காற்று நிற்கிறது. பகலில் வெயிலில் டேங்க் சூடாகும்போது காற்று விரிந்து வெளியேறும். இரவில் குளிரும்போது புது ஈரக்காற்று உள்ளே வரும். அதன் ஈரம் இரும்புச் சுவரில் வியர்த்து, வழிந்து, டீசலுக்கு அடியில் போய்ச் சேரும். ஒரு நாளைக்குச் சில சொட்டுகள். 61 நாள்களுக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கரையில் கிடக்கும்வரை அது அடியில் அமைதியாகக் கிடக்கும். அலையில் படகு ஆடும்போதுதான் கலங்கி எழுந்து குழாய்க்குள் போகும்.

தடைக்காலத்தில் டேங்கை முழுக்க நிரப்பி வைத்தால் காற்றுக்கு இடமிருக்காது, வியர்வையும் இருக்காது. புத்தகத்தில் சொல்லும் வழி இதுதான். குடும்பத்துக்கு 8,000 ரூபாய் தடைக்கால நிவாரணத்தில் இரண்டு மாதம் ஓட்டுபவரிடம், ஆயிரக்கணக்கான ரூபாய் டீசலை வாங்கி டேங்கில் தூங்கவிடச் சொல்வது என்ன நியாயம்? அவருக்கு ஏற்ற வழி எதிர்ப்பக்கம். டேங்கை முழுக்க வடித்து, அடியைத் துடைத்து, காயவைத்து, கடலுக்குப் போகும் முன் புது டீசல் ஊற்றுவது. ஒரு நாள் வேலை. பாதி டேங்கோடு விட்டுவிடுவதுதான் இரண்டிலும் சேராத மோசமான வழி.

தண்ணீர் கிடந்தால் இன்னொரு விருந்தாளியும் வருவார். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் கோட்டில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். டீசலைத் தின்று, தண்ணீரில் குடியிருக்கும். ஹார்மோகோனிஸ் ரெசினே என்ற பூஞ்சைக்கு 'மண்ணெண்ணெய்ப் பூஞ்சை' என்றே பட்டப்பெயர் உண்டு. கறுப்பும் பழுப்புமாக, வழவழவென்று, கெட்டுப்போன மாவைப்போல இருக்கும் இந்தப் பாசி ஃபில்டரில் ஒட்டினால் சில மணி நேரத்தில் அடைப்பு. புது ஃபில்டர் போட்டும் அன்றைக்கே மறுபடி அடைத்தால் சந்தேகம் இதன் மீதுதான். டேங்கைக் கழுவாமல் இது தீராது.

தண்ணீர் கண்ணில் பட்டுவிட்டால், சுத்தமான டீசல் வரும்வரை வடித்துவிட்டு, கையிருப்பில் உள்ள புது ஃபில்டரைப் போட வேண்டும். தண்ணீரோடு ஓட்டிப் பார்ப்போம் என்று நினைக்கக் கூடாது. டீசல் பம்ப்புக்குள் இருக்கும் உருளைக்கும் அதன் உறைக்கும் நடுவே உள்ள இடைவெளி சில மைக்ரான்கள்தான். தலைமுடியின் தடிமனில் சிறு பங்கு. அதற்கு வழவழப்பு தருவது டீசலேதான். தண்ணீர் போனால் உலோகமும் உலோகமும் உரசும். ஃபில்டரோடு முடிய வேண்டிய செலவு, பம்ப்பையும் நாசிலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

கேன் வைத்தியம்

பாட்டிலில் தண்ணீர் இல்லை, ஃபில்டரும் புதிது, ஆனாலும் தள்ளாட்டம் போகவில்லை. கோளாறு டேங்க் பக்கமா, இன்ஜின் பக்கமா? மணிக்கணக்கில் குழாய் குழாயாகத் தடவிப் பார்க்க வேண்டாம்.

சுத்தமான டீசல் உள்ள 5 அல்லது 10 லிட்டர் கேன் ஒன்றை இன்ஜினைவிட உயரமான இடத்தில் கட்டுங்கள். அதிலிருந்து ஒரு ஹோஸைக் கொண்டுவந்து, டேங்க் பக்கத்துக் குழாயைக் கழற்றிவிட்டு, ஃபீட் பம்ப்பின் உள்வாயில் நேரடியாகப் பொருத்திக் கிளிப் போடுங்கள். கேனின் மூடி கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும். திரும்பி வரும் டீசல் குழாய் பழையபடி டேங்குக்கே போகட்டும். காற்றை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

சீராக ஓடினால், கோளாறு டேங்க், காக், முதல் ஃபில்டர், அந்தப் பக்கக் குழாய் இவற்றில் ஒன்றில். கேனிலிருந்தும் தள்ளாடினால் ஃபீட் பம்ப்போ அதற்கு அடுத்த பகுதியோதான். ஒரே சோதனையில் பாதிப் பாதை தேடலிலிருந்து கழிந்துவிடுகிறது. ஓடுகிறது என்றால் அதுவே கரை சேரும் வழியும்கூட. கேன் குறையக் குறைய, வெள்ளைத் துணியில் வடிகட்டிய டீசலை ஊற்றிக்கொண்டே திரும்பிவிடலாம். துணி மணலையும் பாசியையும் நிறுத்தும், தண்ணீரை நிறுத்தாது. அதனால் டேங்கின் மேல்மட்டத்திலிருந்து மொண்டு, பாட்டிலில் பார்த்துவிட்டு ஊற்றுவது நல்லது.

டீசல் தாங்கும், உள்ளே ஓடுவது வெளியே தெரியும் ஹோஸ் இரண்டு மீட்டர் இருந்தால் இன்னும் வசதி. அதை ஃபீட் பம்ப்புக்கு முன்னால் இடையில் பொருத்தினால், டேங்க் பக்கத்திலிருந்து வரும் காற்றுக்குமிழிகள் ஊர்வலம் போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பிறகு ஒவ்வொரு கிளிப்பாக இறுக்கிக்கொண்டே வந்தால், எந்தக் கிளிப்பில் குமிழி நிற்கிறதோ அங்கேதான் ஓட்டை.

ஏர் எடுப்பது

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்ப்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பாருங்கள். ஓரளவு உள்ளே போகும். அதே பம்ப்பில் தண்ணீரை நிரப்பி அழுத்தினால் அசையாது. காற்று நெருங்கிக்கொடுக்கும், திரவம் நெருங்கிக்கொடுக்காது. நாசில் திறக்க 150 முதல் 250 பார் வரை அழுத்தம் வேண்டும். குழாயில் காற்று இருந்தால், பம்ப் தள்ளும் தள்ளலை எல்லாம் அந்தக் காற்றே விழுங்கிவிடும். நாசில் வாய் திறக்காது. அதனால்தான் டேங்க் காலியாகி நின்ற இன்ஜினில் வெறுமனே டீசலை ஊற்றினால் ஸ்டார்ட் ஆவதில்லை. ஃபில்டர் மாற்றிய பிறகும் அப்படித்தான். உள்ளே போன காற்றை வெளியேற்றியாக வேண்டும். இதைத்தான் 'ஏர் எடுப்பது' என்கிறார்கள்.

டேங்க் பக்கத்திலிருந்து இன்ஜினை நோக்கிப் போக வேண்டும். வரிசை மாறக் கூடாது. முதலில் ஃபில்டரின் தலையில் உள்ள திருகை ஓரிரு சுற்று தளர்த்தி, ஃபீட் பம்ப்பில் உள்ள கைப்பிடியை அழுத்திக்கொண்டே இருங்கள். நுரையாக வரும். நுரை நின்று டீசல் மட்டும் வரும்போது, கை பம்ப் செய்துகொண்டிருக்கும்போதே திருகை இறுக்குங்கள். கையை நிறுத்திவிட்டு இறுக்கினால் ஒரு வாய்க் காற்று திரும்ப உள்ளே போகும். அடுத்து டீசல் பம்ப்பில் உள்ள திருகு, அதே முறை. பல நேரங்களில் இதற்குள் இன்ஜின் பிடித்துவிடும்.

பிடிக்காவிட்டால், இரண்டு நாசில்களுக்குப் போகும் இரும்புக் குழாய்களின் நட்டை அரைச் சுற்று மட்டும் தளர்த்தி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க வைத்து ஸ்டார்ட்டர் போட வேண்டும். ஒருமுறைக்கு 10 விநாடிக்கு மேல் வேண்டாம். நட்டின் ஓரத்தில் விட்டுவிட்டு டீசல் துடித்து வரும்போது இறுக்கினால் அந்தச் சிலிண்டர் உயிர்பெறும். ஆக்ஸிலரேட்டரை உடனே குறைத்துவிடுங்கள்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். நாசிலிலிருந்து பீய்ச்சும் டீசலுக்கு எதிரே விரலை வைக்கக் கூடாது. அந்த அழுத்தத்தில் அது ஊசியைப்போலத் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியில் சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படி நேர்ந்தால் அது கை கழுவிவிட்டுப் போகும் காயமல்ல, உடனே ஆஸ்பத்திரி. இரண்டாவது, கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் இயங்கும் புதுவகை காமன் ரெயில் இன்ஜின்களில் இந்த நட்டுகளைத் தொடவே கூடாது. அவற்றில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். ஃபில்டர்வரை கை பம்ப்பில் ஏர் எடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஏர் எடுத்தும் அடுத்த நாள் மறுபடி காற்று பிடித்தால், குழாய் இணைப்புகளில் உள்ள செம்பு வாஷர்களைப் பாருங்கள். ஒருமுறை நசுங்கிய செம்பு இறுகிப்போய்விடும். மறுமுறை சரியாக உட்காராது. கரையில் இருக்கும்போது அதைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மறுபடி மென்மையாகிவிடும் என்பது பழைய மெக்கானிக்குகளின் சிக்கனம். கடலில் அதற்கு அடுப்பு மூட்ட வேண்டாம், புது வாஷர் நாலு கையில் இருக்கட்டும்.

வெளியே மாட்டும் இன்ஜினா?

கன்னியாகுமரிக் கடலோரத்தில் ஃபைபர் வள்ளங்களின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு இன்ஜின்களின் கதை கொஞ்சம் வேறு. அவற்றில் பல மண்ணெண்ணெயில் ஓடுபவை. ஸ்டார்ட் ஆவது பெட்ரோலில், சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்தும் முன் கொஞ்ச நேரம் மறுபடி பெட்ரோலில் ஓடவிட வேண்டும். கரை தெரிந்த அவசரத்தில் அப்படியே அணைத்துவிட்டால், கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி, மறுநாள் விடிகாலையில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை வலிப்பதுதான் மிச்சம்.

இந்த வகையில் பெரிய துப்பு, ஹோஸின் நடுவே உள்ள ரப்பர் பல்ப். அதை அமுக்கிப் பாருங்கள். எவ்வளவு அமுக்கினாலும் தொளதொளவென்றே இருந்தால் டேங்கிலிருந்து எரிபொருள் வரவில்லை அல்லது காற்று புகுகிறது. அமுக்கியது உப்பாமல் சப்பையாகவே ஒட்டிக்கொண்டால் டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திறக்க மறந்திருப்பார்கள், இல்லையென்றால் பல்ப்புக்கு முன்னால் அடைப்பு. கல்லாக இறுகியும் இன்ஜின் பிடிக்கவில்லையா? அடைப்பு இன்ஜின் பக்கம். சின்ன ஃபில்டரையும் கார்புரேட்டரையும் பார்க்க வேண்டும். ஓடும்போது திணறி, பல்ப்பை அமுக்கினால் மட்டும் உயிர் வருகிறது என்றால் இன்ஜினில் உள்ள பம்ப்பின் சவ்வு கிழிந்திருக்கலாம் அல்லது டேங்க் பக்கம் எங்கோ தடங்கல் இருக்கிறது. ஒருவர் பல்ப்பை அமுக்கிக்கொண்டே வந்தால் எப்படியாவது கரை சேர்ந்துவிடலாம்.

இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவிகிதம்வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும் குணம் கொண்டது. ஈரம் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். பழைய ரப்பர் ஹோஸ்களையும் அது பதம் பார்க்கும். மாதக்கணக்கில் கேனில் கிடந்த பெட்ரோலை வள்ளத்துக்குப் பயன்படுத்தாமல் இருப்பதே புத்திசாலித்தனம். கேன் வைத்தியத்தையும் பெட்ரோலில் செய்யக் கூடாது. டீசலே சூடான புகைக்குழாயில் பட்டால் தீப்பிடிக்கும் என்னும்போது, பெட்ரோலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எந்த எரிபொருளாக இருந்தாலும் வேலை முடியும்வரை பீடி, சிகரெட் கூடாது.

பேட்டரியை மறந்துவிடாதீர்கள்

நின்ற இன்ஜினோடு போராடும்போது பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஸ்டார்ட்டரைச் சுற்றும் அதே பேட்டரிதான் பல படகுகளில் வயர்லெஸ்ஸையும் விளக்கையும் ஓட்டுகிறது. இருபது முறை ஸ்டார்ட்டர் போட்டுப் பேட்டரியைக் கொன்றுவிட்டால் ஊரைக் கூப்பிடவும் முடியாது; இரவில் வரும் கப்பலுக்கு நாம் இருப்பதும் தெரியாது. கோளாறைக் கண்டுபிடிக்காமல் ஸ்டார்ட்டரைத் தொடக் கூடாது. அரை மணி நேரத்தில் முடியவில்லை என்றால், இருட்டும்வரை காத்திருக்காமல் பக்கத்துப் படகுகளுக்கும் கரைக்கும் சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு இன்ஜின் ஓடிவிட்டால் வெட்கமில்லை, ஓடிவிட்டது என்று இன்னொரு தகவல் சொன்னால் போதும். வி.ஹெச்.எஃப். வயர்லெஸ்ஸில் ஆபத்து அழைப்புக்கு 16-வது சேனல். செல்போன் எடுக்கும் தூரத்தில் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய எண்களை அழைக்கலாம். இந்த இரண்டு எண்களும் கரையில் காத்திருப்பவர்களின் போனிலும் இருக்க வேண்டும். ஜி.பி.எஸ். காட்டும் இடத்தை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு பேசினால் பதற்றத்தில் எண் மாறாது.

படகில் எப்போதும் இருக்க வேண்டியவை அதிகமில்லை. இரண்டு ஃபில்டர், சில செம்பு வாஷர், கிளிப்புகள், உள்ளே தெரியும் ஹோஸ் இரண்டு மீட்டர், மூடி சீல் வைத்த 10 லிட்டர் சுத்தமான டீசல், டார்ச், ஏர் எடுக்கும் திருகுகளின் அளவுக்குச் சரியான ஸ்பேனர்கள். ஸ்பேனரின் வாலில் ஒரு நூல் கட்டி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டால், படகு ஆடும்போது அது இன்ஜினுக்கு அடியில் தேங்கிய தண்ணீரில் விழுந்து தொலையாது.

கரை திரும்பியதும், கழற்றிய பழைய ஃபில்டரைத் தூக்கி எறியாமல் ரம்பத்தால் அறுத்து, உள்ளே இருக்கும் தாளை விரித்துப் பாருங்கள். கறுப்பாக வழவழவென்று இருந்தால் டேங்கில் பூஞ்சை. பழுப்புத் தூளாக இருந்தால் டேங்க் உள்ளே துருப்பிடிக்கிறது. கையில் நறநறவென்று பட்டால், கேனிலிருந்து ஊற்றும்போது மணல் சேர்கிறது. புனலில் வலை போட வேண்டும். தாள் சுத்தமாகவே இருக்கிறதா? அப்படியானால் நிறுத்தியது ஃபில்டர் அல்ல. காற்றுக் குழாயையும் டேங்க் பக்கத்துக் கிளிப்புகளையும் அன்றைக்கே, அடுத்த பயணத்துக்கு ஐஸ் ஏற்றுவதற்கு முன்பே, ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள்.